எண்ணூறு ரூபாய் கட்டாத கதை

பழைய பொருள் வாங்குவதில் எனக்கு வெட்கம் கிடையாது. என் சைக்கிள், மின்விசிறி, நாற்காலி எல்லாமே இன்னொருவர் பயன்படுத்தியவைதான். அதனால் நண்பன் ஜீவா தன் கால்பந்து கேம் டிஸ்க்கை ஐந்நூறு ரூபாய்க்குக் கொடுத்தபோது சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் போட்டதும் திரையில் ஓர் அறிவிப்பு. ஆன்லைனில் ஆட, டிஸ்க்கை இரண்டாவதாக வாங்கியவர் எண்ணூறு ரூபாய் கட்டவேண்டுமாம். சைக்கிள் கம்பெனி வந்து என்னிடம் பெடலுக்குக் காசு கேட்கவில்லையே. பணம் இல்லாமலில்லை, அந்த வாரம்தான் ஆயிரத்து இருநூறுக்கு ஹெட்செட் வாங்கினேன். அநியாயத்துக்குக் கட்டும் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

ஜீவாவே வழி சொன்னான். "என் அக்கவுண்ட்லயே ஆடு செழியா. ஒவ்வொரு வாட்டியும் என் போனுக்கு ஆறு நம்பர் வரும், அத்த போட்டா போதும்."

அவன் போன் என்னிடம்தான் இருக்கும். டிப்ளமோ முடித்தவன், வேலை கிடைக்காமல் கல்வராயன் மலையில் மரவள்ளிக்கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். திங்கள் ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவான். அங்கே டவர் இல்லை. அப்படிப் போகிறவர்கள் அடிவாரத்தில், எங்கள் கச்சிராயபாளையத்தில், நம்பிக்கையான ஒருவரிடம் போனை விட்டுப்போவார்கள். நம்பிக்கையானவன் நான்.

போனைக் கொடுக்கும்போது ஜீவா சொன்னான்: "வேலைக்கு எழுதிப்போட்ட ஓசூர் கம்பெனிலேர்ந்து எதனா வந்தா லாரிக்காரங்கிட்ட சொல்லியனுப்புடா. அது கெடச்சா எங்கம்மா கரும்பு வெட்டப் போவ வேணாம்."

"நான் இன்னா உன் பி.ஏ.வா?" என்றேன்.

"சம்பளம் இல்லாத பி.ஏ." என்றான். சிரித்தோம்.

நாற்பது நாள் அருமையாகப் போயின. பிரேசில்காரன் ஒருவனை நான்கு கோலில் தோற்கடித்து அரையிறுதிக்கு வந்தேன். மறுநாள் ஆறு எண்ணுக்காகக் காத்திருந்தபோது ஓசூரிலிருந்து செய்தி வந்தது. வேலை தயார், வியாழக்கிழமைக்குள் பதில் சொல்லவும்.

நான் அவசரப்படவில்லை, யோசித்தேன். ஓசூரில் டவர் உண்டு. போனைக் கூடவே கொண்டுபோய்விடுவான். ஷிஃப்டில் இருப்பவனைக் கூப்பிட்டு எண் கேட்பது நாகரிகமில்லை. "விருப்பமில்லை, நன்றி" என்று அனுப்பினேன். அவன் பெயர் கெடக்கூடாதென்றுதான் நன்றியைச் சேர்த்தேன். பிறகு இரண்டு செய்திகளையும் அழித்தேன்.

சனிக்கிழமை வந்தான். தோளில் மூட்டை உரசிய காயம். "எதனா வந்துதா?"

"இல்லடா."

"நமக்கு ராசி கம்மி. நீயாச்சும் தெனமும் பாத்துக்கினு கீறியே, அது போதும்."

எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன்.

அரையிறுதியில் தோற்றேன். அடுத்த மாதம் ஓசூரிலிருந்து இன்னோர் இடம் காலியென்று கேட்டார்கள். அப்போது புது லீக் தொடங்கியிருந்தது. அதே பதிலைத்தான் அனுப்பினேன்.

நேற்று ஜீவாவின் அம்மா வெயிலில் கரும்புக் கட்டோடு போவதைப் பார்த்தேன். வெறும் எண்ணூறு ரூபாய்க்காக ஒரு குடும்பத்தை இப்படிச் செய்ய அந்த கேம் கம்பெனிக்கு எப்படித்தான் மனசு வந்ததோ.