இரண்டு கூர்க்காக் கத்திகளும் ஒரு வருசக் கோபமும்

ஸ்காபரோ பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இருந்த இருவரும் பேப்பரில் சுற்றிய இரண்டு வளைந்த கத்திகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். சாரதியிடம் சொல்வதா என்று யோசித்தேன். சொல்லவில்லை. பிள்ளையின் ஸ்ரோலரை மட்டும் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

“என்னோடை வேலை செய்யிற நேபாளி ரெண்டிலை ஒண்டை எடுக்கச் சொன்னவன், அத்தான். உதைத் தூக்கிப் பாருங்கோ.”

“கையிலை தராதை, சீற்றிலை வை. கத்தியைக் கைக்குக் கை வாங்கினால் சண்டை வரும். நாங்கள் ஒரு வருசம் கதைக்காமல் இருந்தது காணும், இனியும் வேண்டாம்.”

இளையவர் சீற்றில் வைத்தார். மூத்தவர் எடுத்து ஒரு விரலில் நிறுத்திப் பார்த்தார்.

“உதுக்கு நுனிப்பக்கம் பாரம். ஆட்டெலும்பு தன்ரை பாட்டிலை வெட்டுப்படும்.”

“மற்றது கைக்குச் சுகம், அத்தான். நோகாது.”

“அப்ப அதாலை வெங்காயம் வெட்டு.”

பஸ் திடீரென்று பிரேக் பிடித்தது. விழப்போன கத்தியை இளையவர் பிடித்து, மூத்தவரின் கையிலேயே கொடுத்துவிட்டார்.

மூத்தவர் கத்தியைப் பார்த்தார், பிறகு இளையவரைப் பார்த்தார்.

“பேப்பர் சுத்தியிருக்குத்தானே, அத்தான். கைக்குக் கை குடுத்த கணக்கில்லை.”

“ஓம்.”

“வேணுமெண்டால் திருப்பித் தாங்கோ, சீற்றிலை வைக்கிறன்.”

“தந்தால் அது ரெண்டாந்தரம். நீ தொடாதை. நானே வைச்சு நானே எடுக்கிறன்.”