புவனா தோற்றதில்லை

ஆவுடையப்பன் கடையில் டீ அவ்வளவு நன்றாக இருக்காது. திருமயம் பைபாஸில் புளியமர நிழல் அந்த ஒரு கடைக்குத்தான் உண்டு. அதற்காகத்தான் அங்கே உட்காருவோம். அன்றைக்கும் அங்கேதான் காரை நிறுத்தினேன். கார் வெயிலில் நின்றது, நான் நிழலில் உட்கார்ந்தேன். நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: இடம் பார்த்துத்தான் வெயிலில் நிறுத்தினேன்.

புவனேஸ்வரி என் அக்கா மீனம்மாளின் மகள். சின்ன வயதிலேயே அவள் கையில் கிளவுஸ் மாட்டிவிட்டவன் நான். ராணுவத்தில் இருந்தபோது நானும் பாக்ஸிங் ஆடியவன்தான். நிறைய ஜெயித்தேன். ஊர்க்காரர்கள் பார்க்க வந்திருந்த ஒரு போட்டியில் மட்டும் முதல் ரவுண்டிலேயே விழுந்தேன். இன்றைக்கும் ஊரில் 'விழுந்த தங்கமுத்து' என்றால்தான் என்னைத் தெரியும். பிள்ளைக்கு அப்படி ஒரு பெயர் வந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். வரவில்லை. நாற்பத்தெட்டு கிலோ பிரிவில், மாவட்டத்திலும் சரி மாநிலத்திலும் சரி, அவளை ஒருத்தியும் ஜெயித்ததில்லை. ஒவ்வொரு தடவையும் கடைவீதியில் பேனர் கட்டுவார்கள். அந்தப் பேனருக்குக் கீழே நின்றுகொண்டே, இவள் நிஜமாகவே பெரிய ஆள்தானா என்று விவாதமும் பண்ணுவார்கள்.

கிளப்பிவிடுகிறவர் ஆனந்தராஜ். கபடி டீம் நடத்துகிறவர், விவரமானவர். "எலும்பும் தோலுமா இருக்கிற புள்ளைகள அடிச்சா அது பெருமையாப்பா? ஒருபடி ஏறி அம்பத்தொண்ணுல ஆடச் சொல்லு, ஒத்துக்கிறேன்" என்பார். கொசு அடிக்கிறவனெல்லாம் வேட்டைக்காரனா என்றும் கேட்பார். சின்ன உடம்புக்காரர்கள் ஆட்டத்தில் வேகம் எவ்வளவு அதிகம், ஒரு நொடி அசந்தாலும் எப்படி ஆட்டமே போய்விடும் என்று நான் வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. படுத்து எழுந்தாலும் போகாத அலுப்பு.

அவர் கேட்டதில் தப்பில்லை. அதற்குப் பதில் எனக்குத் தெரியும் என்பதுதான் சங்கடம். போன தை மாதம் கோட்டைப்பட்டினத்திலிருந்து ஷர்லி என்ற பெண்ணைப் பயிற்சிக்கு வரவழைத்தேன். ஐம்பத்தொன்றில் ஆடுகிறவள், பெரிய பெயரொன்றும் எடுக்காதவள். நாங்கள் பயிற்சி செய்யும் ஷெட்டுக்குள் மூன்று பேர் மட்டும் இருந்தோம். இரண்டாவது ரவுண்டில் புவனா தரையில் கிடந்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, தாடையைத் தடவிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஷர்லியை அதற்கப்புறம் கூப்பிடவில்லை. நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்று இரண்டு பேரிடமும் சொன்னேன்.

வளர்கிற பிள்ளை, உடம்பு ஏறத்தானே செய்யும். ஒவ்வொரு போட்டிக்கும் எடை இறக்குவது கஷ்டமாகிக்கொண்டே வந்தது. ஒருநாள் அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தவள், என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "மாமா, நான் அம்பத்தொண்ணுக்கே போயிர்றேன். தோத்தா தோத்துட்டுப் போறேன். பசி தாங்கல மாமா."

தோற்பதை அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். தோற்றவன் ஊருக்குள் எப்படி நடமாடுகிறான் என்று அவளுக்குத் தெரியாது. முடியாது என்றேன். அக்கறை உள்ள எந்த மாமனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

டீக்கடையில் நிறுத்திய அன்றைக்குச் சாயங்காலம் புதுக்கோட்டையில் போட்டிக்கு எடை பார்ப்பதாக இருந்தது. காலையில் வீட்டில் ஏறி நின்றபோது ஒரு கிலோவுக்கு மேல் கூட இருந்தாள். முந்தின நாளிலிருந்தே அவளுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. ஸ்வெட்டர், அதன்மேல் மழைக்கோட்டு போட்டுப் பின்சீட்டில் உட்காரவைத்து, கண்ணாடிகளை ஏற்றி, ஹீட்டரை ஓடவிட்டேன். வியர்வையில் எடை இறங்கும். முன்பும் செய்திருக்கிறோம். ஒருமுறை பாதியிலேயே கதவைத் திறந்து இறங்கி, குழாயில் வாய்வைத்துக் குடித்துவிட்டாள். அதனால் இந்தத் தடவை உள்ளிருந்து திறக்க முடியாதபடி பின்கதவுகளில் சைல்டு லாக் போட்டேன், பின்கண்ணாடிகளை இறக்க முடியாதபடியும் லாக் செய்தேன். முன்சீட்டுக்குத் தாண்டி வந்திருக்கலாமே என்று கேட்டீர்கள். வந்திருக்கலாம். அதற்குத் தெம்பு வேண்டும்.

கடையில் ஆனந்தராஜ் இருந்தார். அதே கேள்வியைத்தான் கேட்டார். நானும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஆவுடையப்பன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "பாப்பா கண்ணாடியத் தட்டுற மாதிரி இருக்கே" என்றார்.

"எப்பவும் தட்டுறதுதான்" என்றேன். அதற்குப் பிறகு சற்றுச் சத்தமாகப் பேசினேன். லாரிகள் போகிற ரோடு.

ஐம்பத்தொன்றில் ஆடுகிற பெண்ணே எங்கள் ஷெட்டுக்கு வந்து, புவனாவிடம் அடி தாங்காமல் திரும்பிப் போனாள் என்று ஆனந்தராஜிடம் சொன்னேன். அது பொய். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "அப்படின்னா சரிப்பா. ஒத்துக்கிறேன். பெரிய ஆளுதான்" என்றார்.

அவர் வாயால் அதைக் கேட்க இத்தனை வருஷம் ஆயிற்று. அவர் அதைச் சொல்வதற்கு முன்பே தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. நின்றது எனக்குத் தெரியும். எழுந்துபோனால் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் தண்ணீர் கேட்பாள். குடித்தால் எடை ஏறும். அப்புறம் ஐம்பத்தொன்றுதான், அங்கே ஷர்லி மாதிரி ஒருத்தி நிற்பாள். இதையெல்லாம் நிதானமாகத்தான் யோசித்தேன். இன்னொரு டீ சொல்லி, ஆறவிட்டுக் குடித்தேன். ஆவுடையப்பன்தான் பொறுக்கமாட்டாமல் ஓடினார். வெளியிலிருந்து கைப்பிடியை இழுத்ததும் கதவு சாதாரணமாகத் திறந்துகொண்டது.

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா அழவில்லை. என் சட்டையைக்கூடப் பிடிக்கவில்லை. "தட்டுனாளாமேடா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாக்கா" என்றேன்.

தெரியாமல் நடந்தது என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். அப்படி எழுத வேண்டாம். சத்தம் கேட்டது, நான் எழுந்திருக்கவில்லை. அந்தப் பிள்ளையைக் கொன்றது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் தெரிந்தால் எனக்குத் தூக்கம் வரும், வேறு யாரிடமும் கேட்க முடியவில்லை. பிரேதப் பரிசோதனையில் எடை போட்டிருப்பார்களே. நாற்பத்தெட்டுக்குள் வந்துவிட்டாளா?