நாடா என்று கூப்பிட்டவன்

விசிலை எப்போதும் வெந்நீரில் கழுவித்தான் வாயில் வைப்பேன். சுத்தம் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. மற்றவர்கள் வாய்ச் சுத்தத்திலும் அப்படித்தான். இன்ஸ்பெக்டர் அய்யா, நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

என் பெயர் பவுல்துரை. சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். எழுபத்தைந்தில் டிரில் மாஸ்டராக ஆரணிக்கு வந்தேன். சாயங்காலங்களில் கால்பந்துக்கு ரெஃபரி. அப்போது இங்கே மைதானம் சந்தைக்கடை மாதிரி இருந்தது. ஃபவுல் என்று ஊதினால் பதினோரு பேரும் சூழ்ந்துகொள்வார்கள். "இன்னா சாரே, கண்ணு அவிஞ்சி பூட்ச்சா?" என்பான் ஒருவன். "பேமானி" என்பான் இன்னொருவன். பெற்ற தாயைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள். நான் குரலை உயர்த்தியதே இல்லை. வாயைத் திறந்தவனை வெளியே அனுப்பினேன். காலில் விழுந்தாலும் அந்த சீசன் முழுக்க உள்ளே விடவில்லை. கொஞ்ச காலத்தில் நான் கையைத் தூக்கினால் மைதானமே கப்சிப். வேலூரிலிருந்து ஆட வந்தவர்கள்கூட அதைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

குப்புராஜ் பட்டு நெய்கிறவன். நெசவாளர் அணியில் இடது ஓரத்தில் ஆடுவான். குழித்தறி மிதித்த கால். ஓட ஆரம்பித்தால் யாராலும் பிடிக்க முடியாது. போன வருஷம் சந்தவாசல்காரர்களோடு ஆட்டம். நான் பந்தை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தேன். அவன் நான் இருந்த பக்கமாகத் திரும்பி, "நாடா! நாடா!" என்று கத்தினான்.

எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நாங்கள் நாடார்கள். கடைசி எழுத்தை அறுத்துவிட்டு, "ஏ நாடா" என்று என் அப்பாவை நடுத்தெருவில் கூப்பிடுவார்கள். அவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு போய் நிற்பார். நான் பார்த்திருக்கிறேன். கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தும், படித்து உத்தியோகம் தேடி இத்தனை தூரம் வந்தும், அதே சொல். ஆட்டத்தை நிறுத்தினேன். அவனை முழங்காலில் நிற்க வைத்து, அத்தனை பேர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன்.

"நான் இன்னா சார் தப்பு பண்ணேன்?" என்றான்.

அது எதிர்ப்பேச்சு. சீசன் முழுக்க வெளியே அனுப்பினேன். காரணத்தையும் ஊரெல்லாம் சொன்னேன்.

தண்டனை முடிந்து போன ஞாயிற்றுக்கிழமைதான் திரும்ப ஆட வந்தான். தெள்ளார் அணியோடு ஆட்டம். பந்துக்காகப் பாய்ந்தவன் கோல் கம்பத்தில் தலை மோதி மல்லாக்க விழுந்தான். கால் இழுத்தது. தொண்டையிலிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. முதலுதவி நான் வருஷா வருஷம் நடத்துகிற பாடம். நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தாடையைத் தூக்கினால் போதும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

நான் கையைத் தூக்கினேன். "நடிக்கிறான். எவனும் கிட்டே வரக்கூடாது" என்றேன்.

நெசவாளர் அணி கேப்டன் தங்கவேலு ஓடிவந்தவன் பாதியிலேயே நின்றுவிட்டான். "சார், மூச்சு வுட முடியாம கீறான் சார். ஜல்தியா தூக்கணும் சார்" என்றான். எதிர்த்துப் பேசினால் நீயும் வெளியே என்றேன். வாயை மூடிக்கொண்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே நின்றார்கள். சத்தம் அடங்குகிறவரை நான் கையை இறக்கவில்லை. பிறகு ஓடிவந்து, செத்துக் கிடந்தவன் மாரில் விழுந்து அழுத அவன் அம்மாவையும் பார்த்தேன்.

நீங்கள் நல்ல மனுஷர். "சொல்லு புரியாத்தால வந்த வெனைன்னு எழுதிக்கட்டுமா மாஸ்டர்?" என்று கேட்டீர்கள். அது சரியாக இருக்காது. எனக்குப் புரிந்திருந்தது.

பொங்கலுக்கு முன்னால் என் மனைவிக்குப் புடவை பார்க்க ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போனேன். தறியில் இருந்த அம்மாள் தன் மகளிடம், "அந்த நாடாவ எடுத்தாடீ" என்றாள். மகள் எடுத்துக் கொடுத்தது, ஊடை நூலோடு குறுக்கே ஓடுகிற கட்டை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அது பறப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பந்தை அந்தப் பக்கம் தள்ளு என்பதற்கு அவர்கள் வைத்திருந்த சொல் அது. என்னை யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. புடவை வாங்காமல் வந்துவிட்டேன். யாரிடமும் இதைச் சொல்லவும் இல்லை.

ஊர் சிரிக்கும் என்று பயந்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஒருத்தன் வாயிலும் அந்தச் சொல் வரவில்லை. "இந்தாண்ட! இந்தாண்ட!" என்றுதான் கத்தினார்கள். பழக்கத்தில் ஒருவன் "நாடா" என்று ஆரம்பித்துவிட்டான். குப்புராஜ் ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினான். "அப்டி கூவாதடா, சாருக்கு மனசு கஷ்டமாவும்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். என் காதில் விழுந்துவிட்டது.

திட்டுகிறவனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். அவன் திட்டியிருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன், அவனும் பிழைத்திருப்பான். முழங்காலில் நிற்க வைத்தவன்மேலேயே அவன் இரக்கப்பட்டான். அந்த முகத்தை இனி ஒவ்வொரு ஆட்டத்திலும் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் அவனைச் சாகவிட்டேன்.