எலும்பு மன்னிக்கும், தசை மன்னிக்காது

தோட்டத் தொழிலாளர் நல மன்றத்தின் தலைவராய் இந்த அவையை நடத்திக்கொண்டிருக்கும் மதிப்புமிகு ஒச்சப்பன் அண்ணன் அவர்களே! மலையேறி மலையேறியே தலை நரைத்த பெரியோர்களே! விடியுமுன் உலையேற்றி, விடிந்ததும் மலையேறி, அந்தியில் திரும்பி மறுபடி அடுப்பேற்றும் என் தாய்மார்களே! ஜீப்பு ஓட்டுநர்கள் சார்பில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சின்ராசு அண்ணன் அவர்களே! இதே போடியில் பிறந்து, இதே போடியில் கால் முறிந்தவர்களுக்கு நடை பழக்கும் இயன்முறை மருத்துவர் சூர்யகலாவின் வணக்கம் உங்கள் அனைவருக்கும்.

எலும்பு, மூட்டு, தசை பற்றிப் பேசச் சொன்னார்கள். "கொஞ்சம் சந்தோசமாப் பேசும்மா" என்று தலைவர் காதோரம் சொல்லியும் விட்டார். முயல்கிறேன் அண்ணே. முடியும் என்று தோன்றவில்லை.

உடல், உடல் என்கிறோமே, எது உடல்? இருநூற்று ஆறு எலும்புகள் தாங்கி நிற்கும் வீடு. தொடையிலே தூண் போல ஒன்று. காதுக்குள்ளே அரிசியிலும் சிறியதாய் ஒன்று. எலும்பு என்றால் காய்ந்த கட்டை என்றா நினைத்தீர்கள்? இல்லை தாய்மார்களே, இல்லை! எலும்புக்கு உயிர் உண்டு. அதன் மஜ்ஜையில்தான் நம் இரத்தமே ஊறுகிறது. எலும்பும் எலும்பும் கூடுமிடம் மூட்டு. அந்த மூட்டை மடக்குவது யார்? தசை. நீட்டுவது யார்? அதுவும் தசை. ஆனால் தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவே மடக்க ஒரு தசை, நீட்ட எதிர்ப்புறம் இன்னொரு தசை. ஒன்று இழுக்கையில் மற்றது விட்டுக்கொடுக்கும். உடம்புக்குள் இருக்கும் இந்த விட்டுக்கொடுத்தல் ஊருக்குள் இருந்திருந்தால், நான் சொல்லப்போகும் கதை நடந்தே இருக்காது.

ஏலச்செடி தன் காயை உச்சியிலா வைத்திருக்கிறது? தூரடியிலே, தரையோடு கிடக்கும் சரத்திலே ஒளித்து வைத்திருக்கிறது. அதனால்தானே பகலெல்லாம் குந்திக்கிடக்கிறீர்கள்! உங்கள் முழங்காலுக்குள் வழவழப்பாய் ஒரு குருத்தெலும்பு இருக்கிறது. அதற்கு நரம்பே கிடையாது. தேயும்போது அது அழாது, அலறாது, உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாது. அது தேய்ந்து தீர்ந்து, எலும்போடு எலும்பு உரசும்போதுதான் உங்களுக்கே தெரியும். ஆமாம்மா, உங்களைத்தான் சொல்கிறேன், முழங்காலைத் தடவிப் பார்க்காதீர்கள்! வலிக்கவில்லை என்றால் நோவில்லை என்று நம்புகிறோமே, அந்த நம்பிக்கைதான் நம்மைக் கொல்கிறது.

சிலமலை செல்லக்கிளி அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். அவரும் இங்கே வந்திருக்கிறார். "சொல்லு தாயி, நாலு பேருக்கு ஒறைக்கட்டும்" என்று அவர் சொன்ன பிறகுதான் இதைச் சொல்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு காலைப் பொழுது. காயெடுத்துக்கொண்டிருந்தவர் ஈரச் சரிவில் வழுக்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. கூட வேலை செய்த மொக்கம்மாள் ஓடி வந்தார். தன் தலைத்துண்டை அவிழ்த்து, இரண்டு கம்புகளை வைத்து, பலங்கொண்ட மட்டும் இறுக்கிக் கட்டினார். அன்பாலே கட்டினார் ஐயா, அன்பாலே கட்டினார்!

கீழே கொண்டுவர ஜீப்பு வேண்டாமா? ஜீப்பு எங்கே? நம் வழக்கம் உங்களுக்கே தெரியும். காலையில் ஆட்களை இறக்கிவிட்டால் வண்டி வேறு லோடுக்குப் போய்விடும். பொழுது சாய்ந்தால்தான் திரும்பி வரும். கங்காணி போன் போட்டார். "லோடோட தேவாரத்துல நிக்கிறேன்ணே, சாயந்தரந்தான் வர முடியும்" என்றது மறுமுனை. பக்கத்துத் தோட்டத்திலும் அதே வழக்கம், அங்கேயும் வண்டி இல்லை.

காத்திருந்தார்கள். கால் வீங்கியது. வீங்க வீங்கக் கட்டு இறுகியது. செல்லக்கிளி கதறினார்: "யக்கா, காலு தெறிச்சிரும் போலருக்கு, செத்த அவுத்து விடுக்கா!"

"பொறுத்துக்க ஆத்தா. அவுத்தா எலும்பு வெலகிரும். வெரசா வண்டி வந்துரும்."

எலும்பு விலகுமே என்று அஞ்சினார்கள். எலும்பு விலகினால் என்ன? பொருத்தி வைத்தால், முறிந்த இடத்தில் தானே புது எலும்பு வளர்த்துக் கூடிக்கொள்ளும். எலும்பு மன்னிக்கும். தசை மன்னிக்காது! கெண்டைக்கால் தசைகளை இறுகலான உறைகள் சுற்றியிருக்கின்றன. உள்ளே வீக்கம் நெருக்க, வெளியே கட்டு நெருக்க, நடுவிலே இரத்தம் போக வழி ஏது? சில மணி நேரம் இரத்தம் இல்லையென்றால் தசை சாகும். செத்த தசை திரும்பாது. நான் பயிற்சி கொடுத்தாலும் திரும்பாது, நீங்கள் கோயில் கோயிலாய் அழுதாலும் திரும்பாது.

மாலையானதும் செல்லக்கிளியின் அழுகை நின்றது. "இப்ப எப்படி இருக்கு ஆத்தா?" என்றார் மொக்கம்மாள்.

"மரத்துருச்சுக்கா. வலியே தெரியல."

"சாமி காப்பாத்திருச்சு!" என்று கும்பிட்டார் அந்தப் புண்ணியவதி. கூடியிருந்தவர்கள் மூச்சு விட்டார்கள், ஒருவருக்கொருவர் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். கால் செத்த நேரத்தில், கால் பிழைத்தது என்று தேநீர் குடித்தார்கள் அம்மா!

பொழுது சாய்ந்துதான் ஜீப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்தபோது பாதம் சில்லென்றிருந்தது, நாடி இல்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் அவர் என்னிடம், "தாயி, பெருவெரலு அரிக்குது" என்கிறார். எந்த விரலைச் சொறிவேன் நான்?

கட்டுப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அசையாமல் கட்டுங்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். விரல் நிறம் மாறுகிறதா, தொட்டால் தெரிகிறதா என்று பாருங்கள். வலி கூடினால் உடனே தளர்த்துங்கள். போன ஆண்டும் இதே மேடையில் இதைத்தான் சொன்னேன். கைதட்டினீர்கள். மறுநாள் ஜீப்பு உங்களை மேலே இறக்கிவிட்டு லோடுக்குப் போனது. என் பேச்சு யாருக்கு என்ன செய்தது? ஒரு காலையாவது காத்ததா?

ஆகவே இன்று கைதட்டல் வேண்டாம். ஒரு வாக்குக் கொடுங்கள். மேலே ஆள் வேலை செய்யும்வரை ஒரு ஜீப்பாவது மேலேயே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வண்டியில் ஏற மாட்டோம் என்று சொல்லத் துணிந்தவர்கள் கையைத் தூக்குங்கள்!

என்ன, அங்கே முணுமுணுப்பு? "சும்மா நிக்கிற வண்டிக்கு யாரு காசு குடுக்குறது?" என்கிறீர்களா? "நாங்க ஏறலைன்னா எங்க எடத்துல வேற ஆள் ஏறிரும்" என்கிறீர்களா அம்மா? தெரியும். அதுவும் எனக்குத் தெரியும். சின்ராசு அண்ணே, நீங்களும் குனிந்துகொண்டீர்கள். கை தூக்கத் தோளும் இருக்கிறது, தசையும் இருக்கிறது. ஆனாலும் ஒரு கையும் எழவில்லை.

இல்லை, ஒன்று எழுந்திருக்கிறது. அதோ, ஓரத்தில். செல்லக்கிளி அக்கா, உங்கள் கை மட்டும்தான் எழுந்திருக்கிறது. இனி எந்த ஜீப்பிலும் மலைக்குப் போகப் போகாத உங்கள் கை.

இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அழைத்த மன்றத்துக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் நன்றி. விடிந்தால் மலையேறப்போகும் ஒவ்வொருவரும் ஏறிய காலோடே இறங்கி வாருங்கள். வணக்கம்.