வால் பல்லுக்குள் வைத்த கடதாசி

யுத்தம் முடியப்போகிற நேரம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போன பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் மச்சான்மார் இரண்டு பேர். இளையவரின் மடியில் ஒரு நீளப் பெட்டி.

"ஹெலிகொப்டர்ட வால் இனிச் சத்தம் போடாது மச்சான்," என்றார் அவர். பக்கத்துச் சீட்டுகளில் கதை நின்றுபோனது.

"மெல்லக் கதை. விளையாட்டுச் சாமான் எண்டு சேத்துச் சொல்லு."

"ஓம், விளையாட்டுச் சாமான்தான். கட்டார்ல இருந்து கொண்டு வந்த. வாலைச் சுத்துற ரெண்டு பல்லுச்சில்லும் இறுக்கமாக் கடிச்சா தேயும், லூசா இருந்தா வழுக்கும். நடுவுல மெல்லிய கடதாசி வெச்சு, சேத்து அமத்தி, ஆணியை முறுக்கிட்டுக் கடதாசியை உருவணும். அந்த இடைவெளி போதும்."

"சரி, செக்பொயின்ட் வருது. விளையாட்டுச் சாமான் எண்டு கிராம சேவகர் தந்த கடிதத்தை எடு."

எடுத்துக் கொடுத்தார். மூத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடிப்பக்கம் எங்க?"

"ஊட்டுல மத்தக் கடதாசியெல்லாம் மொத்தம், பல்லுக்குள்ள போகாது மச்சான். விஷயம் முழுக்க மேலதானே இருந்த. கீழ ஒப்பமும் சீலும் மட்டும்தான்."

"யா அல்லாஹ்!"

இளையவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினார். சீல் முழுக்கப் பல்லுப் பல்லாக மடிந்திருந்தது.

பஸ் நின்றது. ஏறி வந்த ஆமிக்காரன் பெட்டியைத் தட்டி, என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

மூத்தவர் வாயைத் திறக்குமுன் இளையவர் சொல்லிவிட்டார்:

"ஹெலிகொப்டர்."