நல்லா இருக்கற நாப்பது பேர்

கையை இன்னும் கொஞ்சம் நீட்டும்மா. பயப்படாத, இருபத்திரண்டு வருஷமா இந்த லேபுல ரத்தம் எடுக்கறேன், உன் நரம்பு எனக்குத் தப்பிடுமா என்ன. முஷ்டியை மூடிக்கோ. பெல்ட் இறுக்கமாத்தான் இருக்கும்.

என்ன கேட்ட, அவன் எப்படின்னா? ஆமா, நீ அவன் இடத்துக்குத்தானே வந்திருக்க. அவன் நாற்காலி, அவன் கம்ப்யூட்டர், அவன் மாடல், எல்லாம் இனி உன் தலையிலதான். அவனுக்கென்ன, நல்லா இருக்கான். பிஎச்டி முடிக்கறதுக்குள்ளயே கம்பெனிக்காரன் வந்து கொத்திட்டுப் போயிட்டான். எங்க லேபுல அவன் பேரே தொண்ணூத்தெட்டு. ரத்தத்தை வெச்சு சினைப்பையில புற்றுநோய் இருக்கா இல்லையான்னு நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு தடவை சரியாச் சொல்ற மாடலாம். அந்தத் தொண்ணூத்தெட்டை காபிக் கோப்பையில அச்சடிச்சு ப்ரொஃபசருக்குப் பரிசாக் கொடுத்தான். அந்த மனுஷனும் அதுலதான் இன்னும் குடிக்கிறாரு.

சுருக்குன்னு இருக்கும். அவ்வளவுதான். பாரு, வந்துடுச்சு.

சிரிக்காத, நிஜமாத்தான் சொல்றேன். ரத்த ஆராய்ச்சின்னு பேரு, முதல் ட்யூபைப் பார்த்ததுமே இதே நாற்காலியில மயங்கி விழுந்தான். அவனை மட்டும் சொல்லி என்ன. இந்த டிபார்ட்மென்ட்டே அப்படித்தான். கம்ப்யூட்டர் படிச்சிட்டு வர்றவனுக்குக் கல்லீரல் எந்தப் பக்கம்னு தெரியாது. உயிரியல் படிச்சிட்டு வர்றவளுக்குக் கம்ப்யூட்டர்ல கோட் ஓடலேன்னா ஒரே வைத்தியம், அணைச்சுட்டுத் திரும்பப் போடறது. ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல உட்கார வெச்சா அதுக்குப் பேரு புதுத் துறை. அதுக்கு அஞ்சு வருஷம் படிப்பு, அப்புறம் மீட்டிங்ல ஸ்லைடு போட்டுக் காட்டற வேலை.

நீ அப்படியில்லைங்கறியா? சரி, பார்ப்போம். எல்லாரும் முதல் நாள் அப்படித்தான் சொல்றாங்க.

அந்த மாடலுக்கு நாப்பது நோயாளி, நல்லா இருக்கறவங்க நாப்பது பேர், அப்படின்னு கணக்கு. நோயாளிங்க ரத்தம் ஆஸ்பத்திரியில இருந்து ஒழுங்கா வந்துடுச்சு. நல்லா இருக்கறவங்களை யார் கொண்டு வர்றது? நம்ம தொண்ணூத்தெட்டு ஐயா கையில பேப்பரை வெச்சுக்கிட்டு ரெண்டு நாள் லைப்ரரி வாசல்ல நின்னாரு. நாலு பக்க ஃபாரம், அதுல கையெழுத்து, அப்புறம் ஊசின்னா எவ வருவா? இருபத்திநாலு பேர் வந்தாங்க. மூணாம் நாள் வெயில் ஒத்துக்கலையாம். கம்பெனிக்காரங்க வர இன்னும் மூணு மாசம்தான் இருந்துச்சு. நேரா என்கிட்ட வந்தான். அக்கா, நீங்க நல்லாத்தானே இருக்கீங்கன்னான்.

நல்லாத்தான் இருக்கேன்னேன்.

ஆமாம்மா. மீதிப் பதினாறு பேரும் நானேதான். வாரத்துக்கு ஒரு தரம், சில வாரம் ரெண்டு தரம். ஒவ்வொரு ட்யூபுக்கும் ஒரு புது நம்பர், புது வயசு. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவாங்க. இவன் ஒரே பருக்கையைப் பதினாறு தடவை நசுக்கிப் பார்த்துட்டு பானையே வெந்துடுச்சுன்னு ஊருக்குச் சொன்னான்.

நான் ஏன் கொடுத்தேன்னு கேக்கற. கேளு, கேக்க வேண்டியதுதான். லேபிள் ஒட்டினது இந்தக் கைதான், நான் ஒண்ணும் யோக்கியம் இல்ல. இங்க யாரும் என்னைக் கூப்பிட்டுப் பேசினதே கிடையாது. ட்யூபை வெச்சுட்டுக் கிளம்பிடுவாங்க. இவன் மட்டும்தான் வாய் நிறைய அக்கா அக்கான்னான். ஆராய்ச்சிப் பேப்பர்ல உங்க பேர் வரும்க்கான்னான். வந்துச்சு. கடைசி வரியில, லேப் உதவிக்கு நன்றின்னு. பேர் கூட இல்ல. அந்த ஒரு வரிக்காகத்தான் பல்லைக் காட்டிக்கிட்டுக் கையை நீட்டியிருக்கேன், என்னைச் செருப்பாலதான் அடிக்கணும்.

இன்னும் ஒரே ஒரு ட்யூப். கையைத் தளர்த்திக்கோ.

ப்ரொஃபசருக்குத் தெரியுமாவா? நேத்து காலையில அவர் ரூமுக்கே போய்ச் சொன்னேன். பதினாறு நம்பரையும் ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தேன். கணக்குப்படி பெரிய வித்தியாசம் வராதும்மா, நீங்க போய் வேலையைப் பாருங்கன்னாரு. தாளை வாங்கி அந்தக் கோப்பைக்கு அடியில வெச்சுக்கிட்டாரு. அடுத்த மாசம் இந்த டெஸ்டை ஆஸ்பத்திரியில போடப் போறாங்க, தெரியுமில்ல? வர்ற பொம்பளைங்க எல்லாருக்கும் இதைத்தான் பார்ப்பாங்க. நல்லா இருக்கன்னு வந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, ஸ்கேன் கிடையாது.

முடிஞ்சுது. இந்தப் பஞ்சை வெச்சு அழுத்திப் பிடி. கையை மடக்காத.

போன வருஷம் எனக்கு வயிறு உப்பிக்கிட்டே இருந்துச்சு. என் தங்கச்சி ஸ்கேன் எடுன்னு தினமும் போன் பண்ணித் திட்டுவா. நான்தான் பெரிய புத்திசாலியாச்சே. எங்க லேபுலயே டெஸ்ட் இருக்குடின்னு, நானே ரத்தம் எடுத்து அவன் மாடல்ல போடச் சொன்னேன். ஒரு நிமிஷம் கூட ஆகல, பச்சை எழுத்துல வந்துச்சு. நல்லா இருக்கேனாம். என்னைப் பார்த்தே கத்துக்கிட்டது, என்னைப் பார்த்து வேற என்ன சொல்லும்? எனக்கு அது அப்ப உறைக்கல. அதை நம்பி எட்டு மாசம் சும்மா இருந்துட்டேன்.

நல்லா இருக்கறவங்க கணக்குக்கு உன்கிட்ட ஒரு தரம்தான் எடுப்பேன். உன் நம்பர் இது, நீயே ஒட்டு, நீயே நோட்டுல எழுது. இனிமே யார் கேட்டாலும் ரெண்டாவது தரம் கையை நீட்டாத.

அப்புறம், இந்தா, இது அந்தத் தாளோட இன்னொரு காப்பி. என் பேச்சு இங்க எடுபடாது. நீ படிச்சவ, மாடலும் இப்ப உன்னுது, நீ எழுதினா கேட்டுத்தான் ஆகணும். உன் பிஎச்டி ரெண்டு வருஷம் தள்ளிப் போகும், பொய் சொல்ல மாட்டேன். இதுல இருக்கற பதினாறு நம்பரையும் நல்லா இருக்கறவங்க பக்கத்துல இருந்து தூக்கிடு. வெறுமனே அழிச்சுடாதம்மா, நோயாளிங்க பக்கம் மாத்தி எழுது. வியாழக்கிழமை எனக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வந்துடுச்சு. அந்தப் பதினாறு தடவையும் உள்ள இருந்திருக்கும்னுதான் டாக்டர் சொல்றாங்க.

பாரு, பஞ்சை விட்டுட்ட. அழுத்திப் பிடி.