எண்டாங் பாலுபியின் மேல் நான் எழுதிய பழி

மேடையில் வீற்றிருக்கும் ஊர்த் தலைவர் அவர்களே, தொழுகை நடத்திவைத்த பெரியவர் அவர்களே, அம்மையாரின் கணவர் விபிசோனோ அவர்களே, எரிமலையடிவார மக்களே, கண்காணிப்பு நிலையத் தோழர்களே!

நம் பொறியாளர் எண்டாங் பாலுபி அம்மையார் போய்விட்டார். காலையில் தலைவலி என்றார், மாலைக்குள் போய்விட்டார். நாற்பத்தாறு வயது! போகிற வயதா அது?

மூன்று ஆண்டுகளுக்கு முன் சேற்று வெள்ளம் வந்த அன்று நம் அபாயச் சங்கு ஊதவில்லை. ஆற்றில் மணல் அள்ளிக்கொண்டிருந்த இருவரைச் சேறு கொண்டுபோனது. அடக்கத்துக்கு எண்டாங் வந்தார். இறந்தவரில் ஒருவரின் மனைவி துகினெம் அவர் கையைப் பிடித்துக் கேட்டார்: "உங்க மெஷின் ஏன் கத்தல, அம்மா?"

நிலையத் தலைவனான நான் அறிக்கையில் என்ன எழுதினேன்? "சங்கை இயக்கும் டிரைவர் நிரலில் பிழை." அந்த நிரலை எழுதியவர் எண்டாங்!

சண்டை போட்டாரா? இல்லை. பதினொரு நாள் சங்கின் மின்பலகையோடு உட்கார்ந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பாருங்க, ஐயா. சங்குக்குப் போற கம்பி வழியில, இந்த சீரியல் போர்ட்ல, செய்தி போனதும் இந்தச் சில்லு 'முடிஞ்சுது, அடுத்தது குடு'ன்னு குரல் குடுக்கணும். அதே நேரம் வெளியிலேருந்து ஏதாவது வந்துட்டா, குரல் குடுக்காமலே விட்டுடுது. என் நிரல் காத்துக்கிட்டே கெடக்கு, சங்கு ஊதல."

"அப்போ சில்ல மாத்தணுமா?"

"நாப்பது பலகையிலயுமா? சில்லு செஞ்சவங்க கைய விரிச்சுட்டாங்க. மழை நமக்காக நிக்குமா? இனி அது கூப்பிடும்னு காத்திருக்க வேணாம். நொடிக்குப் பத்து தடவ நாமளே எட்டிப் பாத்துடுவோம்."

புதிய நிரல் ஐம்பது வரிகூட இல்லை. அடுத்த மழையில் சங்கு ஊதியது. ஆற்றில் இருந்த முப்பத்திரண்டு பேர் கரையேறினார்கள். அவர்களில் பலர் இங்கே இருக்கிறீர்கள்.

அன்று நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம். எண்டாங் துகினெம் வீட்டுக்குக் கிளம்பினார்; நானும் பின்னால் போனேன். "அன்னைக்கு ஏன் கத்தலன்னு இப்போ தெரியும்மா. நான் முன்னாடியே சோதிச்சிருக்கணும். மன்னிச்சிடுங்க" என்றார்.

துகினெம் அம்மா, அப்போது உங்கள் வாசலில் நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை. இன்று திறக்கிறேன். சோதிக்க இரண்டு மாதம் வேண்டும் என்று எண்டாங் என்னிடம் கேட்டார். மழைக்கு முன் சங்கைத் தொடங்கியே ஆக வேண்டும் என்று மறுத்தவன் நான்! அதை அவர் உங்களிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

இன்று காலை அந்த அறிக்கையைத் திருத்திக் கையெழுத்திட்டேன். அவர் உயிரோடு இருந்தபோது செய்திருக்க வேண்டியது.

தோழர்களே, ஏறக் கடினமென்று நாம் தள்ளிப்போட்ட மலைமேல் நான்கு நிலையங்களில் இன்னும் பழைய நிரல்தான் ஓடுகிறது. மழைக்கு மூன்று வாரம் இருக்கிறது. திங்கட்கிழமை ஏறுகிறோம். நான்கு சங்குகளும் ஊதி, அந்தச் சத்தம் துகினெம் அம்மாவின் வீடுவரை கேட்ட பிறகே இறங்குவோம்.